முதல் இரண்டு மணி நேரம்

மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றின் லேபர் வார்டு. இரவுப் பணியில் மூன்று சிஸ்டர்கள். வலியோடு படுத்திருந்த பெண்களிடம் தனித்தனியே சம்மதம் கேட்ட பிறகுதான் மூத்த சிஸ்டர் என்னை உள்ளே விட்டார்.

அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றின் மேல்பாகத்தில் உள்ளங்கை, சுவர்க் கடிகாரத்தில் கண். பத்து நிமிடத்தில் எத்தனை வலி, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி. "சில பொண்ணுங்க பல்லைக் கடிச்சிட்டு சத்தமே போடாம கிடப்பாங்க மேடம். கை வச்சாத்தான் தெரியும்" என்றார். வலி அடங்கியதும் டாப்ளரை வைத்து ஒரு முழு நிமிடம் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கிறார். 110க்கும் 160க்கும் நடுவே இருக்க வேண்டும். கர்ப்பப்பை இறுகும்போது குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். அதற்குப் பிறகும் துடிப்பு மீளாமல் இருந்தால் டாக்டருக்கு ஆள் போகும். தொடக்கத்தில் அரை மணிக்கு ஒருமுறை, முக்கும் கட்டத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கிறார்.

எல்லாம் பிரசவத்தின் போக்கைக் காட்டும் வரைபடமான பார்ட்டோகிராஃபில் ஏறுகிறது. அதிலுள்ள எச்சரிக்கைக் கோட்டை 1972இல் அன்றைய ரொடீசியாவில் ஃபில்பாட், காசல் என்ற ஆய்வாளர்கள் வகுத்தார்கள். டாக்டர் பக்கத்தில் இல்லாத மருத்துவச்சி, எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதென்று தானே முடிவெடுக்க வந்த கோடு அது.

நள்ளிரவு தாண்டி ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாயின் வயிற்றின் மேலேயே போட்டுத் துடைத்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் தாயின் தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின். கொடியில் துடிப்பு அடங்கக் காத்திருந்து கத்தரித்தார்கள். நஞ்சும் வந்தது. துணைக்கு நின்ற அம்மா அழுதார். ஆயாம்மா, நான், எல்லோரும் குழந்தையையே பார்த்தோம்.

சிஸ்டர் பார்க்கவில்லை. அவர் கை தாயின் தொப்புளருகே கர்ப்பப்பையைத் தேடிக்கொண்டிருந்தது. கிரிக்கெட் பந்துபோல் கெட்டியாக இருக்க வேண்டும். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. நஞ்சு கழன்ற இடத்தில் ரத்தக் குழாய்களை இறுக்கி அடைப்பது தசைதான். தசை தளர்ந்தால் ரத்தம் வேகமாக வெளியேறி உயிர் போகலாம். "யூரின் போயிடு கண்ணு" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னதன் காரணம் அப்போதுதான் விளங்கியது: மூத்திரப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை சரியாகச் சுருங்காது. நனைந்த துணிகளைத் தராசில் வைத்தார். கண்ணளவில் மதிப்பிட்டால் உதிரப்போக்கு பெரும்பாலும் குறைவாகவே தெரியும்; 500 மில்லியைத் தொட்டால் ஆபத்து. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கர்ப்பப்பை, உதிரம், நாடி, பி.பி. இப்படி இரண்டு மணி நேரம். இந்தத் தொழிலின் உச்சம் குழந்தையைக் கையில் ஏந்தும் நொடி என்றுதான் நினைத்திருந்தேன். அது இந்த இரண்டு மணி நேரம் என்று இப்போது நினைக்கிறேன்.

லேபர் வார்டில் திட்டு வாங்கியதைச் சொல்லாத பெண்கள் நம் வீடுகளில் குறைவு. அன்றும் ஓர் இளம் சிஸ்டர் ஒரு பெண்ணிடம் குரலை உயர்த்தினார். மூத்தவர் அவரை வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு தானே நின்றார். அவமானப்பட்ட பெண், தலை சுற்றுகிறது என்பதைக்கூடச் சொல்ல மாட்டாள். மரியாதையும் இங்கே சிகிச்சையின் பகுதி. குரல் உயர்வதற்கு அலுப்பு ஒரு காரணம்தான், ஆனாலும் ஏற்க முடியாத காரணம்.

மூன்று மணிவாக்கில் ஒருவரை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக ஒரு சிஸ்டர் கூடப் போனார். மிச்சம் இருவர். இரண்டு மேசைகளில் பெண்கள் முக்கிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஐந்து நிமிடக் கணக்கு. மூன்றாவதில் அப்போதுதான் பெற்றவள். அங்கே பதினைந்து நிமிடக் கணக்கு. வாசலில் 108 ஆம்புலன்ஸ் இன்னொரு பெண்ணோடு வந்து நின்றது.

விடிந்ததும் கேஸ் ஷீட்டுகளை எழுதி முடிக்க உட்கார்ந்த மூத்த சிஸ்டரிடம், என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "நைட்டுக்கு இன்னும் ரெண்டு ஸ்டாஃப் வேணும்னு எழுதுங்க மேடம்" என்றார். கேட்டது மிகக் குறைவு. 108இல் வாசலுக்கு வந்தவளைத் தொட்டுப் பார்க்க அந்த நேரத்தில் ஒரு கையும் ஓய்வாக இல்லை.