நான்கு மணிக்குள் ஜெமாலுவாங்

மாசாய்க்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் போக்கிடம் இரண்டுதான். ஒன்று ஜொகூர் பாருவின் பேரங்காடிகள், இன்னொன்று தேசாரு கடற்கரை. தேசாருவுக்கு 2011-இல் முழுதாகத் திறந்த நெடுஞ்சாலை இருக்கிறது. டோல் கட்டினால் ஜொகூர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிக் கடலருகே கொண்டுபோய் விட்டுவிடும். கோத்தா திங்கி வழியாகக் காட்டுச் சாலையில் மெர்சிங் வரை காடியை ஓட்டிப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது மாமா மட்டும்தான் தலையை நிமிர்த்தினார். செம்பனை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை மணிக்குக் காட்ட விட்டு வெளிய வரப்போற?"

இங்கே குடியிருப்பவர்களுக்கு மரக்காற்றின் மேல் ஆசை வருவதில் வியப்பில்லை. 2019 மார்ச்சில் பக்கத்துக் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய ரசாயனக் கழிவால் பாசிர் கூடாங் வட்டாரத்தில் 111 பள்ளிகளை மூட வேண்டியிருந்ததை யாரும் மறக்கவில்லை.

மாமாவையும் ஏற்றிக்கொண்டு, பொழுது விடிந்ததும் உலு திராம் போய் மூன்றாம் எண் கூட்டரசுச் சாலையைப் பிடித்தேன். கோத்தா திங்கி வரை இருபுறமும் பச்சைதான். வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக் காடு என்று போட்டுவிடுகிறார்கள். காடில்லை, செம்பனை. வரிசை பிசகாத மரங்கள், அடியில் வெட்டிப்போட்ட மட்டைகள். சாலையும் போக வர இரண்டிரண்டு தடம், நடுவில் பிரிப்பு. இதில் பழகிய கால், கோத்தா திங்கியைத் தாண்டியும் அதே வேகத்தில் மிதிக்கும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

கோத்தா திங்கியில் ஒரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக். எண்ணெய்த் தொட்டியை முக்கால்வாசி இருக்கும்போதே நிரப்பச் சொன்னார் மாமா. ஸ்பேர் டயரில் காற்று இருக்கிறதா என்று இறங்கிப் பார்த்தார். அடுத்த பெரிய ஊரான மெர்சிங் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளி. மருத்துவமனைகளும் இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. இன்னொன்றும் சொன்னார்: நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை இந்தப் பக்கம் உல்லாசப் பயணமே வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் ஜொகூர் ஆறு ஏறினால் இந்த ஊர் தாங்காது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த இரண்டு வெள்ளங்களில் லாரியோடு மாட்டிக்கொண்ட கதையை மூன்றாவது தடவையாகக் கேட்டேன்.

ஊரைத் தாண்டியதும் சாலை ஒடுங்கிவிடுகிறது. போக ஒன்று, வர ஒன்று, நடுவில் கோடு மட்டும். கொஞ்ச தூரத்தில் பந்தி மலை எழும்ப, செம்பனையின் வரிசை அறுந்து நிஜக் காடு வருகிறது. ஒரு மரத்தைப் போல இன்னொன்று இல்லை. கண்ணாடியை இறக்கினால் ஈரமண் வாசனை. காட்டுக்கும் தாருக்கும் இடையில் இருபுறமும் வெட்டித் திறந்துவிட்ட ஓரத்தில் லாலாங்கும் வேறு புற்களும் இடுப்பளவு. ஒரு வளைவு முடியும் இடத்தில் யானை படம் போட்ட மஞ்சள் பலகை. அதைத் தாண்டி, தார் முடியும் விளிம்பிலேயே கூடைப்பந்து அளவில் சாண உருண்டைகள், நார் நாராக, மேலே இன்னும் ஈரம்.

"ராத்திரி நடந்திருக்கு. கால எடு மாப்ள" என்றார். ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்தேன்.

யானை காட்டுக்குள்தான் இருக்கும், சாலைக்குத் தவறி வரும் என்று பலர் நினைக்கிறோம். அது வருவதே இந்தப் புல்லுக்குத்தான். அடர்ந்த காட்டில் வெயில் தரைக்கு இறங்காததால் புல் குறைவு. சாலைக்காக மரத்தை வெட்டினால் வெயில் விழும், இளம்புல் முளைக்கும். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாக ஆய்வாளர்கள் வடக்கே கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலைப் பக்கம் யானைகளுக்குக் கழுத்துப்பட்டை கட்டிப் பின்தொடர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அவை சாலையைக் கடந்த தடவைகளில் ஐந்தில் நான்கு பங்கு இரவு நேரத்தில் என்று கண்டார்கள். அதே நெடுஞ்சாலையில் கெரிக் அருகே 2025 மே 11, அன்னையர் தினத்தன்று விடியுமுன் ஒரு யானைக்குட்டி லாரியில் அடிபட்டது. தாய் யானை லாரியைத் தலையால் முட்டிக்கொண்டு நின்ற காணொளியை நாடே பார்த்தது.

கூட்டரசுச் சாலையில் பொது வேக வரம்பு 90. அந்த வேகத்தில் காடி வினாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. சாதாரண விளக்கு வெளிச்சம் எட்டுவது நாற்பது, ஐம்பது மீட்டர். கண்ணில் பட்டு, கால் பிரேக்குக்குப் போய், வண்டி நிற்க உலர்ந்த தாரில்கூட எழுபது மீட்டருக்குக் குறையாது. தாபிர் இன்னும் மோசம்: தோளுக்குப் பின்னால் வெள்ளை, மற்றதெல்லாம் கறுப்பு, இருட்டில் அது விலங்காகவே தெரியாது என்கிறார் மாமா. 90 என்பது பகலுக்கான எண். இருட்டிய பிறகு இந்தச் சாலையில் 60-க்கு மேல் போகிறவரை நான் திறமைசாலி என்று சொல்ல மாட்டேன்.

படம் எடுக்க ஓரத்தில் நிறுத்தலாமா என்று கேட்டேன். முறைத்தார். பாதி நேரம் ஓரம் என்று ஒன்றே இல்லை. இருக்கும் இடத்தில் புல் மறைத்த கால்வாய். நிற்க வேண்டுமானால் அதற்கென்று உள்ள இடத்தில் நிற்க வேண்டும். முந்தாஹாக் மலையடியில் லொம்போங் அருவி இருக்கிறது. வண்டி நிறுத்தவும் குளிக்கவும் வசதியுண்டு. பந்தியில் இருவாச்சிகளைத் தேடிச் சிங்கப்பூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். அந்தக் காட்டின் மண்பாதைக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். அனுமதிச் சீட்டு வெறும் சடங்கு என்று சலித்துக்கொள்கிறோம். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வெளியே யாருக்காவது தெரிந்திருக்க வேறு வழி என்ன?

ஒரு மர லாரிக்குப் பின்னால் நெடுநேரம் ஊர்ந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்த குடும்ப வேன் ஒன்று இரட்டைக்கோட்டில், மேட்டு வளைவில், எல்லோரையும் முந்திக்கொண்டு போனது. உள்ளே பிள்ளைகள் தெரிந்தார்கள். மெர்சிங்குக்கு முன்னால் வரும் ஜெமாலுவாங் சந்திப்புக் கடையில் அதே வேன் நின்றிருந்தது. அவர்கள் தட்டில் நாசி லெமாக் அப்போதுதான் வந்திருந்தது. யானையைப் பற்றி இவ்வளவு பேசினாலும், என்னை அன்று உண்மையில் பயமுறுத்தியது அந்த வேன்தான்.

ஜெமாலுவாங்குக்கு வடக்கே ரப்பர் தோட்டம் இருந்த நித்ஸ்டேல் பகுதியில் 1942 ஜனவரி இறுதியில் ஆஸ்திரேலியப் படை ஜப்பானியரை இரவில் பதுங்கியிருந்து தாக்கியது. அந்த மண்ணைக் கடக்க இன்று சில நிமிடம் போதும்.

மெர்சிங்கில் மீன் அசாம் பெடாஸ் சாப்பிட்டு முடித்தபோது மணி இரண்டரை. கடலோரம் காற்று நன்றாக இருந்தது. நான்கு மணிக்குள் ஜெமாலுவாங்கைத் தாண்டினால்தான் வெளிச்சத்தோடு கோத்தா திங்கி. வழியில் டயர் பஞ்சரானாலும் மாற்ற ஒரு மணி நேரம் கையில் மிஞ்சும். இது மாமாவின் கணக்கு. சூரியன் சாய்வதைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாமே என்று இழுத்தேன்.

"இது கிழக்குக் கடல் மாப்ள. இங்க சூரியன் வரும், விழாது. வர்றதப் பாக்கணும்னா ரூம் எடுத்துத் தங்கு. நான் பஸ்ல போறேன்" என்று சாவியைத் தேடினார்.