ஒட்டுத் தெரியும் உடம்பு

பழைய செவர்லே கொர்வெட் ஒன்று பட்டறைக்குள் வந்தால் நான் முதலில் பானெட்டைத் திறப்பதில்லை. மட்கார்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவுவேன். தொழிற்சாலையில் அச்சில் அழுத்திய ஃபைபர்கிளாஸ் உள்பக்கமும் வழவழவென்று இருக்கும். சொரசொரப்பு தட்டினால் அந்த இடம் எப்போதோ இடி வாங்கியிருக்கிறது, யாரோ கண்ணாடி இழை மேட் ஒட்டி ரெசின் பூசியிருக்கிறார்கள். தகரக் காரில் பட்டி வைத்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு காந்தம் போதும். இந்த உடம்பில் காந்தம் எங்குமே ஒட்டாது. முதல் ஆண்டு வண்டிகளிடம் என் தடவல் வித்தையும் செல்லாது. அவற்றில் பல பாகங்கள் கையால் செய்தவை, உள்பக்கம் பிறக்கும்போதே சொரசொரப்பு.

1953 ஜனவரியில் நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் ஜெனரல் மோட்டார்ஸ் கொர்வெட்டைக் காட்சிக்கு வைத்தது. அந்த ஆண்டு மிச்சிகனின் ஃபிளின்ட்டில் 300 கார்கள்தான் செய்தார்கள். எல்லாமே வெள்ளை, உள்ளே சிவப்பு. பார்வைக்கு ஸ்போர்ட்ஸ் கார். எஞ்சினோ 150 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர், கியர்பாக்ஸோ இரண்டே வேகமுள்ள ஆட்டோமேட்டிக். கதவுக்கு வெளிக் கைப்பிடி கிடையாது, ஏற்றி இறக்கும் கண்ணாடியும் கிடையாது. மழை வந்தால் டிக்கியிலிருந்து பக்கத்திரைகளை எடுத்து மாட்ட வேண்டும். வி-8 எஞ்சின் 1955-இல் வந்தது, கண்ணாடி அடுத்த ஆண்டு.

இத்தனை குறையோடு பிறந்த வண்டியை இன்னும் ஏன் தேடி வாங்குகிறார்கள்? கூரையைச் சுருட்டி சீட்டுக்குப் பின்னால் மூடிவிட்டால் வண்டியில் ஒரு கோடுகூட உறுத்தாது என்பது பாதிப் பதில். மீதி அந்த உடம்பில் இருக்கிறது. அது துருப்பிடிக்காது. அடியில் சேசிஸ் இற்றுக் கிடந்தாலும் மேலே மாப்பிள்ளை மாதிரி நிற்கும். தொல்லையும் உண்டு: ஃபைபர்கிளாஸில் மின்சாரம் பாயாது, உடம்பு எர்த்தாக உதவாது. ஆகவே விளக்கு மினுக்கினால் பல்பை விட்டுவிட்டு எர்த் வயரைத்தான் முதலில் பார்ப்பேன்.

இந்த உடம்பில் விழும் விரிசலுக்கு மேலே பட்டி தடவி மூடினால் சீக்கிரமே திரும்ப எழும்பும். விரிசலின் அடிவரை அரைத்து, இருபுறமும் சரிவாகத் தேய்த்து, மேட்டை அடுக்கடுக்காக வைத்து, குமிழி தங்காமல் உருளையால் அழுத்த வேண்டும். பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை, பொறுமைதான் வேண்டும்.

தொழிற்சாலையில் உடம்பின் பாகங்களை உள்ளே பட்டை வைத்து ஒட்டி, மேலே அரைத்துச் சமன் செய்து பெயிண்ட் அடித்தார்கள். வெயில் பட்டுப் பட்டு, அந்த ஒட்டு மயிரிழையாக வெளியே தெரியும். அதை மறைத்து உடம்பு முழுவதையும் கண்ணாடிபோல் ஆக்கச் சொல்லி வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். தொழிற்சாலையிலிருந்தே அப்படி ஒரு கார் வெளிவந்ததில்லை. விரிசல் விழுந்த ஒட்டை மட்டும் திறந்து சரிசெய்வேன், மற்றதைத் தொடமாட்டேன் என்று வேலைக்கு முன்பே சொல்லிவிடுகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு வண்டியை எடுத்துப் போகிறார்கள்.