மாமா கேட்ட கேள்வி

அப்பா இறந்த மறுநாள் பிற்பகல், கூடாரத்துக்கு அடியில் நாற்காலிகளை விரித்துக்கொண்டிருந்தேன். ஜொகூரில் மகள் வீட்டில் இருந்த மாமா அப்போதுதான் வந்து சேர்ந்தார். அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

“கண்ணு கொடுத்தாச்சாம்மா?”

எனக்கு வாயே திறக்கவில்லை. கண் தானம் பற்றி வானொலியில் எத்தனையோ முறை பேசியவள் நான்.

மாமா அதைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. தெலுக் பங்லிமா காராங் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர் அவர். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்தபடி வெட்டும் வேலை. தூசு, சிராய், முள் எல்லாம் நேராகக் கண்ணுக்குத்தான் வரும். ஒருநாள் இடது கண்ணில் ஏதோ விழுந்தது. தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டு மீண்டும் வேலைக்குப் போய்விட்டார். மட்டை கீறிய காயத்தில் பூஞ்சை புகுந்தால் கருவிழியே புண்ணாகிவிடும் என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. கடைசியில் மருத்துவமனையில் புண்ணை ஆற்றினார்கள். ஆனால் கருவிழி வெள்ளைத் தழும்பாகிப் போனது. வலது கண் சிறுவயதிலேயே பழுது. ஆக, நாற்பத்தி இரண்டு வயதில் அவருக்கு உலகம் இருண்டுவிட்டது.

முதல் ஆறு மாதம் அறையை விட்டு வெளியே வரவில்லை. அத்தைதான் சண்டை போட்டு அவரைப் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அழைத்துப் போனார். 1951 முதல் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. கிள்ளான் வரை பஸ், பிறகு ரயில். வெள்ளைக் கோலைப் பிடித்து நடக்கக் கற்றுக்கொண்டார். நடைபாதையில் மேடு மேடாக மஞ்சள் கற்கள் பதித்திருப்பார்களே, அவற்றைக் காலால் படித்துப் படித்தே தனியாகத் தேத்தாரிக் கடைக்குப் போகும் தைரியம் வந்தது. (அந்தக் கற்கள்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறவர்களை மாமா இன்றைக்கும் திட்டுவார். நானும்தான்.)

இரண்டு ஆண்டுகள் காத்திருந்த பிறகு அவருக்குக் கருவிழி கிடைத்தது. வந்தது இலங்கையிலிருந்து. பெயர் தெரியாது, ஊர் தெரியாது. நம் நாட்டில் கொடுப்பவர்கள் குறைவு என்பதால் வெளியிலிருந்து தருவிக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இலங்கையில் இதைத் தொடங்கியவர் டாக்டர் ஹட்சன் சில்வா. 1958இல் மருத்துவ மாணவராக இருந்தபோதே பத்திரிகையில் எழுதி மக்களிடம் கண்களைக் கேட்டார். 1960இல் அவருடைய தாயார் இறந்தபோது, அந்தக் கருவிழி ஓர் ஏழை விவசாயிக்குப் பொருத்தப்பட்டது. மறு ஆண்டு கண் தானச் சங்கம் பிறந்தது. 1964இல் ஐஸ் நிரப்பிய தெர்மாஸ் குடுவையில் கண்கள் சிங்கப்பூருக்குப் பறந்தன. ஊருக்குச் சொன்னதைத் தன் தாயின் கண்ணைக் கொடுத்துச் செய்தும் காட்டியவர் அவர். நான் செய்யாதது அதுதான்.

அப்பா ஒருமுறை என் நிகழ்ச்சியைக் கேட்டுவிட்டு, “என்னுடையதையும் எடுத்துக்கட்டும், எரிச்சா சாம்பல்தானே” என்றார். நான் சிரித்தேன். எங்கும் பதியவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. அப்பா இறந்தது வீட்டில், இரவு பத்து மணிக்கு. போலீஸ் ரிப்போர்ட், இறப்புப் பத்திரம், சொந்தபந்தங்களுக்குப் போன், ஐஸ் பெட்டி, கூடாரம். கருவிழியை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவது நல்லது என்று மைக்கின் முன் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! மாமா கேட்டபோது பதினைந்து மணி நேரம் கடந்திருந்தது.

“மறந்துட்டேன் மாமா” என்றேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு, நான் விரித்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. இன்னொருவர் கொடுத்த கண்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு, அம்மாவை உட்கார வைத்துப் பேசினேன். மைசெஜாத்ரா செயலியிலேயே பதியலாம் என்று காட்டினேன். ஆனால் பதிந்தால் மட்டும் போதாது. கடைசி நேரத்தில் குடும்பத்தாரிடம்தான் சம்மதம் கேட்பார்கள். தெரியாத குடும்பம் தயங்கும். அம்மாவுக்குச் சந்தேகங்கள் இருந்தன. அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்போமா என்றார். “கண்ணப்பர் அப்படியா பிறந்தார்?” என்று கேட்டேன். முகம் கோரமாகிவிடாதா என்றார். ஆகாது, இமையை மூடினால் பழைய முகம்தான். சர்க்கரை இருக்கிறதே, கண்புரை ஆபரேஷன் செய்திருக்கிறதே என்றார். பெரும்பாலும் அவை தடையில்லை, டாக்டர்கள் பரிசோதித்துக்கொள்வார்கள்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஒரு தாளில் எழுதச் சொன்னார். உயிர் போனதும் முதலில் கூப்பிட வேண்டிய நம்பர். இமைகளை மூடு. மேலே ஈரப்பஞ்சு வை. தலையணை வைத்துத் தலையை உயர்த்து. காற்றாடியை நிறுத்து.

குளிர்பதனப் பெட்டியில், கேஸ்காரர் நம்பருக்குப் பக்கத்தில் அதை ஒட்டிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை படித்துப் பார்த்தார்.

“எழுத்து சின்னதா இருக்கு. பெருசா எழுது. அன்னைக்கு நீ அழுதுகிட்டிருப்பே.”