அதே பாட்டு, ஆனா இப்போ மேடையில

துறைமுகம் போற ரோட்ல கன்டெய்னர் லாரிங்க வரிசையா நிக்குது.
ஒரு இளவட்ட டிரைவர் பாட்டு போட்டிருக்காரு.
'அன்னக்கிளி'. 1976-ல வந்த படம். அப்போ அவரு பிறந்தே இருக்க மாட்டாரு.

அந்தப் படத்துக்கு இசை போட்ட இளையராஜா, 80 வயசைத் தாண்டியும் தன்னோட பழைய பாட்டுகளை மேடைக்குக் கொண்டு வர்றாரு.
டிராக்கை ஓடவிட்டு ஒப்பேத்துற வேலையே இல்ல.
வயலின், புல்லாங்குழல், தபலா எல்லாத்தையும் ஆளுங்க உட்கார்ந்து, அவர் எழுதின நோட்ஸைப் பார்த்து வாசிக்கணும்.
யாராவது பிசகினா, அத்தனை பேர் முன்னாடியும் நிறுத்திட்டு முதல்ல இருந்து ஆரம்பிப்பாரு.

சிலருக்கு அது கோபமாத் தெரியுது.
எனக்கு அது பாட்டுக்குச் செய்யுற மரியாதை.
அந்தக் கால ஸ்டுடியோவும் அப்படித்தானே? பாடகரும் மொத்த வாத்தியக் குழுவும் சேர்ந்து ஒரே டேக். ஒருத்தர் தப்பினா எல்லாரும் மறுபடி.

'இதயக்கோவில்' (1985) படத்துல 'இதயம் ஒரு கோவில்' பாட்டு... மெட்டு மட்டுமில்ல, வரியும் அவரோடதுதான்.
பழைய பாட்டு வயசான அவர் குரல்ல வரும்போது, லேசா நடுங்கினாலும், மனசு அப்படியே கரைஞ்சிருது.

2025 மார்ச் 8-ல லண்டன்ல சிம்பொனி அரங்கேத்தினவரு.
கச்சேரி நடத்துறவங்களே, அவரை எங்க தூத்துக்குடி கடற்கரைக்கும் ஒருதடவை கூட்டிட்டு வாங்களேன்.
வந்தா, நீங்க எந்தப் பாட்டை முதல்ல கேப்பீங்க மக்களே?