மிச்சத் தாள்கள்

விடிகாலை நாலு மணிக்கு ஜீப்பு வந்துவிடும். ஹாரன் அடிக்கமாட்டார்கள். தெருமுனை வேப்பமரத்தடியில் இன்ஜினை அணைக்காமல் நிறுத்திவைப்பார்கள். அந்த உறுமலுக்கே எங்கள் தெரு எழுந்துகொள்ளும். அம்மா சேலைக்கு மேலே அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டி, மழைக்கு ஒரு பிளாஸ்டிக் தாளையும் அட்டைக்கடிக்குப் புகையிலைத் துணுக்கையும் முடிந்துகொண்டு, தூக்குச்சட்டியோடு இருட்டுக்குள் நடப்பாள். பத்துப் பேர் உட்கார வேண்டிய இடத்தில் பதினெட்டு பேர். சிவப்பு விளக்கு தெருவைத் தாண்டி மறையும்வரை நானும் அக்காவும் திண்ணையில் நிற்போம். பிறகு அக்கா அடுப்பைப் பற்றவைப்பாள்.

எங்கள் ஊர் தேவாரத்துக்குப் பக்கம். மேற்கே தலையைத் தூக்கினால் சாக்கலூத்து மெட்டு. அந்த ஒற்றையடிப் பாதையில் அரிசி மூட்டையைச் சுமந்து ஏறி, வாரக்கணக்கில் ஏலத்தோட்டத்தில் தங்கி வேலை பார்த்தவள் என் அப்பத்தா. ரோடு போடப் போகிறார்கள் என்று அவள் காலத்திலேயே பேச்சு இருந்தது. நான் பள்ளிப்படிப்பை முடித்தபோதும் பேச்சுதான் இருந்தது. அதனால் ஜீப்பு போடிக்குப் போய், போடிமெட்டு வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறி, உடும்பன்சோலைப் பக்கம் போய்ச் சேரும். கண்ணுக்கு எதிரே தெரியும் மலைக்கு அவ்வளவு சுற்று.

கம்பம் பள்ளத்தாக்கு என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பச்சை வயல்தான் ஞாபகம் வரும். அது தண்ணீர் பாயும் பக்கம். 1895இல் பென்னிகுக் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் இறங்கி, லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைய வைக்கிறது. எங்களுடையது மானாவாரி. அப்பா இரண்டு ஏக்கரில் சோளமும் கடலையும் போடுவார். அவர் உழவில் ஒரு குறை சொல்ல முடியாது. புழுதி மாவாகும்வரை உழுவார். அதே உழவை உத்தமபாளையத்து வாய்க்காலோரம் உழுதவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பஸ்ஸில் ஏறிப் பள்ளிக்கூடம் போனார்கள். எங்கள் அப்பா வானத்தைப் பார்த்தார்.

1983இல் அந்த வானமும் கைவிட்டது. மலையிலேயே வறட்சி, ஏலத் தட்டைகள் நின்ற நிலையில் காய்ந்தன. ஜீப்பு வராத நாட்கள் வந்தன. அம்மா தோட்டத்துக்காரரிடம் முன்பணம் வாங்கினாள். முன்பணம் என்பது கடன்தான். ஆனால் காசாகத் திருப்பிக் கொடுத்துத் தீர்க்கிற கடன் இல்லை, கையால் தீர்க்க வேண்டிய கடன். மறுவருசம் மழை பெய்து சரம் சரமாகக் காய் பிடித்தபோது அம்மாவின் இரண்டு கை போதவில்லை.

1984 ஜூன் மாதம் அக்கா ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். நான் ஆறாவது. எண்பது பக்கக் கணக்கு நோட்டு ஒன்று, நியூஸ் பேப்பர் அட்டை போட்டு, முதல் பக்கத்தில் தன் பெயரை மூன்று முறை எழுதிப் பார்த்திருந்தாள். அல்ஜீப்ரா அவளுக்கு விளையாட்டு. ராத்திரி சிம்னி விளக்கில் அவள் போடும் கணக்குகளை நான் படம் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு எழுத்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளியதும் கணக்கு தானாகவே அவிழ்ந்துகொள்ளும்.

ஆகஸ்டில் காய் எடுப்பு தொடங்கியது. வேப்பமரத்தடிக்கு இப்போது இரண்டு பேர் நடந்தார்கள்.

கணக்கு வாத்தியார் வீடு தேடி வந்தார். "பத்தாவதுல நம்ம பள்ளிக்கூடத்துக்கே பேர் வாங்கித் தர்ற பிள்ளைம்மா. நிப்பாட்டாதீங்க."

"நிப்பாட்டலங்க சார். காய் எடுப்பு முடியட்டும். மாசி பெறந்ததும் அனுப்பிருவேன்."

அம்மா பொய் சொல்லவில்லை. ஆனால் மாசி பிறந்தால் முழுப்பரீட்சை வாசலில் நிற்கும். ஏலக்காய் ஆகஸ்டில் தொடங்கி, மாதத்துக்கு ஒருமுறை ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை என்று சுற்றுச் சுற்றாகப் பழுத்து, பிப்ரவரி வரை இழுக்கும். பள்ளிக்கூடத்து வருசமும் அதேதான். ஒரே நாட்களை இரண்டு பேர் கேட்டால், கடன் கொடுத்தவனுக்குத்தான் முதலில்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு தொடக்கப்பள்ளியிலிருந்த எனக்குக் கிடைத்தது. அலுமினியத் தட்டோடு வரிசையில் நிற்பேன். பெரிய வகுப்பிலிருந்த அக்காவுக்கு அது இல்லை. மத்தியானம் தண்ணீரைக் குடித்துவிட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்திருப்பாள். பதினைந்து வயது வரைக்கும் சத்துணவு என்று விரிவாக்கியது 1984 செப்டம்பரில். அக்கா நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த ஒரு வேளைச் சோறு அவளைப் பள்ளியில் பிடித்து வைத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் பிள்ளை பசியோடு உட்கார்ந்திருக்கிறாளே என்பது அம்மாவின் மனசுக்குள் ஓடிய கணக்கில் ஒரு வரி என்பதை அறிவேன்.

உழைத்தால் மேலே வரலாம் என்று சொல்கிறவர்கள் அக்காவைப் பார்த்திருக்க வேண்டும். ஏலக்காய் செடியின் தூரில், மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் சரத்தில் இருக்கும். குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க வேண்டும். முற்றியதை எடுத்துப் பிஞ்சை விட வேண்டும். கண்ணுக்கு முந்தி விரல் அதை அறிய வேண்டும். ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் ஒரு கிலோகூடத் தேறுமோ தேறாதோ. அக்கா இரண்டே மாதத்தில் அம்மாவை மிஞ்சினாள். கங்காணி அவளை முதல் ஆளாகக் கூப்பிட்டார். அடுத்த வருசம் தோட்டத்துக்காரர் அவளை நம்பியே அதிகமாக முன்பணம் கொடுத்தார். அவள் சுறுசுறுப்புதான் அவளை அங்கே கட்டிப்போட்டது. மந்தமாக இருந்திருந்தால் ஒருவேளை திருப்பி அனுப்பியிருப்பார்கள் என்று பல ராத்திரி நினைத்திருக்கிறேன்.

நான் பையன். வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லத் தேவையே இருக்கவில்லை.

பண்ணைப்புரம் எங்களுக்குப் பக்கம். டீக்கடை ரேடியோவில் இளையராஜா பாட்டு வந்தால் பெரியவர்கள் என் தோளைத் தட்டி, "பாத்தியாடா, நம்ம ஊரு ஆளு. உழைச்சாரு, வந்தாரு" என்பார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்துவேன். அவர் உழைப்பை அளக்க நான் யார்? ஆனால் 1976இல் 'அன்னக்கிளி' வருவதற்கு முன்னால் நடந்ததெல்லாம் பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. அண்ணன் பாவலர் வரதராசனின் கச்சேரி மேடைகள் அவருக்குப் பள்ளிக்கூடமாக இருந்திருக்கின்றன. சென்னைக்குப் புறப்பட்டபோது தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்திருக்கிறார். அங்கே தன்ராஜ் மாஸ்டர் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். டீக்கடையில் இந்தப் பாதியை யாரும் சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் விற்க ரேடியோ இல்லை. அக்காவின் ஒன்பதாம் வகுப்பு இருந்தது.

அதில்தான் நான் படித்தேன். அக்காவை இழந்த அதே வாத்தியார் என்னை விடவில்லை. சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து, வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் அலைந்து, அரசு மாணவர் விடுதியில் சேர்த்துவிட்டார். அங்கே மின்விளக்கு இருந்தது. மூன்று வேளை சோறு இருந்தது. விடிகாலை ஜீப்புச் சத்தம் இல்லை. நானும் கண் விழித்துப் படித்தேன். அதை மறுக்கவில்லை. ஆனால் அக்கா கண் விழித்ததில் பாதிகூட இருக்காது.

விடுதிக்குப் போகும் முன்னால், ஆறாம் வகுப்பில் எனக்குத் தனி நோட்டு வாங்கவில்லை. அக்காவின் நோட்டில் இருபது பக்கம் போக மிச்சம் அப்படியே இருந்தது. அவள் கடைசியாக எழுதிய கணக்குக்கு அடுத்த பக்கத்தில் நான் பின்னக் கணக்கைத் தொடங்கினேன். என் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். பக்கத்தைப் புரட்டினால் அவளுடைய முத்து எழுத்து. தப்பாகப் போட்ட கணக்குகளை அக்கா சனிக்கிழமைகளில் திருத்துவாள். விரலில் ஏலக்காய் வாசம் வீசும்.

சனிக்கிழமைதான் வாரக்கூலி. ஜீப்பிலிருந்து இறங்கியதும் மற்ற பெண்களும் எங்கள் திண்ணைக்கே வந்துவிடுவார்கள். சேலை முந்தியில் முடிந்த பணத்தை அவிழ்த்துவைத்து, வந்த நாள், வராத நாள், முன்பணத்துக்குப் பிடித்தது, ஜீப்புக் கூலி என்று ஒவ்வொருத்தியாகச் சொல்வாள். அக்கா பேனாவைத் தொடமாட்டாள். கண்ணை ஒரு நிமிஷம் மூடித் திறந்து, "ஒனக்கு நாலு ரூபா கொறையுதுக்கா, திங்கக்கிழமை கேளு" என்பாள். நான் பக்கத்தில் சிம்னி விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.