குனிஞ்ச தலை கோகிலா

நேத்து ராத்திரி டிவியில மறுபடியும் ‘கோலமாவு கோகிலா’. பாதியில அணைச்சிடலாம்னுதான் உட்கார்ந்தேன், முடியல. காரணம் கதை இல்ல, நயன்தாரா.

அம்மாவுக்குப் புற்றுநோய், வைத்தியத்துக்குக் காசில்ல, பொண்ணு கோகிலா போதைப்பொருள் கடத்துறா. 2018-ல வந்த, இயக்குநர் நெல்சனோட முதல் படம். ஐடியா பிரமாதம்தான். ஆனா இரண்டாம் பாதியில ரவுடிங்க எல்லாரும் வசதியா முட்டாளாகிடுறாங்க, கோகிலாவுக்கு எல்லாக் கதவும் தானா திறக்குது. பாலியல் அத்துமீறலை வச்சு ஜோக் பண்ற இடங்கள் அன்னைக்கே உறுத்துச்சு. இன்னைக்கு இன்னும் அதிகமா.

அதையெல்லாம் தாங்கிப் பிடிக்கிறது நயன்தாராவோட அந்த ஒத்த முகம். தோள் குறுகி, தலை குனிஞ்சு, ரேஷன் கடை வரிசையில நிக்கிற பொண்ணு மாதிரி நிக்கிறாங்க. எதிர்ல துப்பாக்கியோட ஆளு. குரல் ஏறவே ஏறாது. “சார்... சார்...”னு பயந்தே பேசிக்கிட்டு, அதே மூச்சுல ஒருத்தன் கதையை முடிக்க வழி பண்ணிடுறாங்க. அது நிஜ பயமா, நடிப்பான்னு நமக்கே புரியாது. சிரிப்பு அங்கதான் வருது. ஒரு இடத்துலயாவது கண்ணடிச்சு “பார்த்தியா என் சாமர்த்தியத்தை”னு காட்டியிருந்தா படம் படுத்திருக்கும்.

(யோகி பாபுவோட மளிகைக் கடைக் காதல் தனி ரகம். அந்தக் காதலுக்கு வர்ற பாட்டை எழுதினது நடிகர் சிவகார்த்திகேயன்!)

மூணு வருஷம் கழிச்சு ‘டாக்டர்’ல அதே சிவகார்த்திகேயனை நெல்சன் இப்படித்தான் உணர்ச்சி காட்டாம நடிக்க வச்சார். நல்லாத்தான் இருந்தது. இருந்தாலும் என் ஓட்டு கோகிலாவுக்குத்தான்.