தாய்மாமன் மடி

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - விலங்கியல்)

‘யாருக்குக் காது குத்துகிறாய்?’ என்று நம் ஊர்ப்பக்கம் கேட்பார்கள். ‘பொய் சொல்லி என்னை ஏமாற்றப் பார்க்காதே’ என்பது அதற்குப் பொருள். இந்த வழக்கு எப்படிப் பிறந்தது? என் ஊகத்தைச் சொல்கிறேன். காது குத்தும் நாளில் குழந்தையிடம் சொல்லப்படுவது அத்தனையும் பொய். ‘வலிக்கவே வலிக்காது’ என்பது ஒரு பொய். ‘எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்’ என்பது மற்றொன்று. ‘மாமா மடியில் சும்மா உட்காரத்தான் போகிறாய்’ என்பது எல்லாவற்றிலும் பெரிய பொய். மூன்றையும் என் வாயாலேயே சொன்னவன் ஆகையால், என் ஊகத்துக்கு ஓரளவு சான்று உண்டு!

இது இன்று நேற்று வந்த ஏமாற்று அன்று. பெரியாழ்வார் திருமொழியில் கண்ணனுக்குக் காது குத்துவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. யசோதை திருமாலின் பன்னிரு பெயர்களையும் சொல்லிச் சொல்லிப் பிள்ளையை அழைக்கிறாள்; தின்பண்டம் காட்டுகிறாள்; கெஞ்சுகிறாள். தெய்வக் குழந்தைக்கே அந்தப் பாடு என்றால், மூன்று வயதான என் அக்காள் மகள் எம்மாத்திரம்? சுசுருத சங்கிதையோ ஆறாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ காது குத்திவிடச் சொல்கிறது. குழந்தையை மடியில் இருத்தி, விளையாட்டுக் காட்டி, மடலில் வெயில் ஊடுருவித் தெரியும் இடம் பார்த்துக் குத்த வேண்டுமாம். மின்விளக்கு இல்லாத காலத்தில் இரத்தக் குழாயைத் தவிர்க்க இதைவிட நல்ல உபாயம் ஏது?

இனி எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் ஊர் உசிலம்பட்டிக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். எங்கள் பக்கத்தில் காது குத்து என்றால் அது தாய்மாமன் வீட்டுக் காரியம். குலசாமி கோயிலில் மாமன் மடியில் வைத்துத்தான் மொட்டை எடுப்பார்கள். மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்துவார்கள். பட்டுப்பாவாடை, வளையல், பழத்தட்டு, தோடு என்று சீர் கொண்டு வர வேண்டியவனும் அவனே. அந்தத் தாய்மாமன் வேறு யாருமில்லை. பட்டப் படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கும் அடியேன்தான். அப்பா இல்லாத வீடு. அம்மா நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். 2025ஆம் ஆண்டிலோ ஒரு பவுன் 70,000 ரூபாயைத் தாண்டிவிட்டது!

ஆவணியில் நாள் குறித்ததும் பேச்சு எழுந்தது. மச்சான் வீட்டுப் பெரியவர் ஒருவர் இதமாகத்தான் சொன்னார்: “படிக்கிற பையனை எதுக்குச் சிரமப்படுத்தணும்? ஒன்றுவிட்ட மாமன் திருப்பூரிலே நல்லா இருக்கான். முறைக்கு அவன் மடியிலே வச்சுக் குத்திட்டா ஒரு பவுனுக்குக் குறையாமச் செய்வான்.” அவர் சொன்னதில் தப்பில்லை. அம்மாகூடத் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். “என் தம்பி வெறுங்கையோட வந்தாலும் அவன் மடியிலதான் என் பிள்ளை உட்காரும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அக்கா பேசும்போது நான் அவள் காதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே தோடு இல்லை. இரண்டு வேப்பங்குச்சித் துண்டுகள் இருந்தன. 2024இல் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, விடுதிக்கும் துணிமணிக்கும் அவளுடைய அரைப் பவுன் தோடு கூட்டுறவுச் சங்கத்துக்கு அடகாகப் போயிற்று. கொஞ்ச நாள் கவரிங் போட்டாள். காது சிவந்து நீர் வடிந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சி செருகிக்கொண்டாள். கவரிங் நகையில் கலந்திருக்கும் நிக்கல் பலருடைய தோலுக்கு ஒவ்வாது என்பதை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பத்தாம் வகுப்பில் என்னைவிட அதிக மதிப்பெண் வாங்கியவள் அக்கா. அப்பா இறந்த ஆண்டு அவள் படிப்பு நின்றது. என் படிப்பு நிற்கவில்லை.

வெறுங்கையோடு போக எனக்கு மனம் வரவில்லை. அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் என் கணக்கில் விழுகிறது. பன்னிரண்டு மாதப் பணம், 12,000 ரூபாய், தொடாமல் கிடந்தது. ஞாயிறுதோறும் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறினேன். நாளுக்கு 500 வீதம் பதினெட்டு நாள், 9,000 ரூபாய். ஆக 21,000. கால் பவுனில், அதாவது 2 கிராமில், ஒரு சோடித் தோடு செய்கூலி வரி எல்லாம் சேர்த்து அதற்குள் அடங்கியது. ‘படிப்புக்குக் கொடுத்த பணத்தைத் தோட்டுக்குப் போடலாமா?’ என்று விடுதி நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஒரு தோடு என்னைப் படிக்க அனுப்பியது. படிப்புப் பணம் ஒரு தோடாகத் திரும்பிப் போகிறது. வரவும் செலவும் எங்கள் வீட்டுக் கணக்கில் அப்படித்தான் எழுதப்படும்.

விழாவன்று ஆசாரி சம்மணமிட்டு அமர்ந்து, கூர்தீட்டிய தங்கக் கம்பியை எடுத்தார். என்னுள் இருந்த விலங்கியல் மாணவன் சும்மா இருப்பானா? “ஐயா, கம்பியைக் கொஞ்சம் வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைக்கலாமா?” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “முப்பது வருசமாக் குத்துறேன் தம்பி. சரி, படிச்ச பிள்ளை சொல்றே, போடு” என்றார். ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரிடம் முன்பே கேட்டிருந்தேன். ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போடும் தடுப்பூசியும் ஒன்றரை வயது ஊசியும் பாப்பாவுக்கு முறையாகப் போட்டாயிற்று. ஆகவே தனியாக ஊசி வேண்டாம் என்றார்.

மொட்டைத் தலையில் சந்தனம் மணக்க, பாப்பா என் மடியில் உட்கார்ந்தாள். கையில் வாழைப்பழம். ஆசாரி குங்குமத்தால் இரண்டு மடலிலும் பொட்டு வைத்து, எட்ட இருந்து சமம் பார்த்தார். முதல் காது ஒரு நொடியில் முடிந்துவிட்டது. அவளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை, ‘நீயுமா?’ என்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகுதான் வீறிட்டாள். பெண்கள் குலவையிட்டார்கள். அழுகை வெளியே கேட்காமலிருக்கத்தான் குலவை என்று அப்போது தோன்றியது. உண்மையான சோதனை இரண்டாவது காதில்தான்! இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும். பழம் கீழே விழுந்தது. என் சட்டையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். குத்தச் சொல்லிப் பிடித்திருப்பவனும் நான்தான், அவள் தஞ்சம் புகுந்ததும் என்னிடம்தான். அந்தக் கைப்பிடியில் என் சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்துப் போயிற்று.

காது மடலின் கீழ்நுனியில் குருத்தெலும்பு கிடையாது, கொழுப்பும் நார்த்திசுவும்தான். இரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் புண் விரைவில் ஆறும். துளையின் இரு வாயிலிருந்தும் தோல் உள்நோக்கி வளர்ந்து ஒரு சிறு குழாய்போல் ஆக ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். மேல்காதில் குருத்தெலும்புக்குத் தனி இரத்தக் குழாய் இல்லாததால், அங்கே குத்தினால் ஆற மாதக்கணக்கில் ஆகும். இதையெல்லாம் அப்பத்தாளிடம் விளக்கினேன். தண்டட்டி போட்டுத் தோள்வரை தொங்கிய தன் காதைத் தடவியபடி கேட்டுவிட்டு, “இதுக்கா மூணு வருசம் படிக்கணும்?” என்றாள்.

மொய் எழுத எப்போதும் என்னைத்தான் உட்கார வைப்பார்கள், கையெழுத்து அழகாயிருக்குமாம். அன்று மடி காலியில்லாததால் வேறொருவர் எழுதினார். ‘தாய்மாமன் சீர் - தோடு ஒரு சோடி’ என்பது முதல் வரி. எடையை எழுதவா என்று அவர் கேட்டதற்கு, “எழுதுங்கண்ணே, கால் பவுன்னு நல்லாத் தெரியிற மாதிரி எழுதுங்க” என்றாள் அக்கா.

பாப்பாவுக்குக் காது ஆறிவிட்டது. ஊருக்குப் போனால் என் மடியில் மட்டும் இன்னும் உட்கார மறுக்கிறாள். கடலைமிட்டாய் காட்டினால் எட்ட நின்று வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள். அடகுச் சீட்டு விடுதியில் என் பெட்டியில் இருக்கிறது. இப்போதும் ஞாயிறுதோறும் பந்தி பரிமாறப் போகிறேன்.